மலேசியாவை எக்செலில் திறந்தபோது

2024 ஜூன் 10, திங்கட்கிழமை. நான் அலுவலகத்துக்குள் நுழையும்போது தவுக்கே, அதாவது எங்கள் சீன முதலாளி, எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். இத்தனை வருடத்தில் அவர் பத்து மணிக்கு முன் வந்து நான் பார்த்ததில்லை. மேசையில் கால்குலேட்டர், ஆறிப்போன காப்பி ஓ, ஒரு தாள். தாளில் ஒரே ஒரு கணக்கு: 400 × 1.20 = 480.

நான் வேலை செய்வது பினாங்கு மாநிலத்தின் பிறை என்ற ஊரில் ஒரு சின்ன லோரி கம்பெனியில், கணக்குப் பிரிவில். பிரிவு என்றால் நானும் ஒரு பிரிண்டரும். பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்திலிருந்து சரக்கை எடுத்துத் தொழிற்சாலைகளுக்குக் கொண்டுபோகிற பதினொரு லோரி. நள்ளிரவில் அரசாங்கம் மானியத்தை எடுத்ததும் தீபகற்ப மலேசியாவில் லிட்டர் டீசல் 2 வெள்ளி (ரிங்கிட்) 15 சென்னிலிருந்து 3 வெள்ளி 35 சென்னுக்குப் போய்விட்டது. ஒரு லோரி டேங்க் 400 லிட்டர். ஒரு தடவை நிரப்பினால் 480 வெள்ளி கூடுதல்.

சரக்கு லோரிகளுக்கு அரசாங்கம் ஃபிளீட் கார்டு வைத்திருந்தது. கார்டு இருந்தால் பழைய 2.15-க்கே ஊற்றலாம். எங்களில் ஏழு லோரிக்குக் கார்டு இருந்தது. மீதி நான்கின் கெரான், அதாவது உரிமைப் பத்திரம், இன்னும் பழைய கம்பெனி பெயரில் கிடந்ததால் விண்ணப்பம் திரும்பி வந்திருந்தது. அது எங்கள் அலட்சியம், வேறு யாரையும் சொல்ல முடியாது. ஆனால் அன்று மாலைக்குள் இருபத்து மூன்று வாடிக்கையாளர்களுக்கு நான் கடிதம் தட்டினேன்: டீசல் விலை மாற்றத்தைத் தொடர்ந்து எல்லாப் பயணத்துக்கும் 8 விழுக்காடு கட்டண உயர்வு. நான்கு லோரிக்கு ஏறிய செலவு, பதினொரு லோரிக்கும் உயர்வு.

ஆகஸ்டில் அந்த நான்குக்கும் கார்டு வந்தது. அதன்பிறகு பதினொன்றும் 2.15-க்குத்தான் ஊற்றின. கார்டு இல்லாதவர்களுக்கான டீசல் விலைகூட வாரா வாரம் மாறி, பிறகு மூன்று வெள்ளிக்குக் கீழே வந்தது. கட்டணத்தைக் குறைத்து இன்னொரு கடிதம் தட்ட யாரும் என்னைச் சொல்லவில்லை.

இது ஒரு கேமைப் பற்றிய பதிவு. கடிதத்துக்குத் திரும்பி வருவேன்.

2020-ல் எல்லோரும் வீட்டில் அடைபட்டுக் கிடந்த வருடம், தம்பி ‘டெமாக்ரசி 4’ என்ற கேமை வாங்கினான். பிரிட்டனில் ஒரு சின்ன நிறுவனம் செய்தது. துப்பாக்கி இல்லை, ஓடுவது இல்லை. நீங்கள் ஒரு நாட்டின் தலைவர். திரை முழுக்க வட்டம் வட்டமாகக் கொள்கைகள்: வருமான வரி, பள்ளி, போலீஸ், பெட்ரோல் வரி. எதையாவது தொட்டால் அதிலிருந்து பச்சைக்கோடும் சிவப்புக்கோடும் கிளம்பி மற்ற வட்டங்களுக்கு ஓடும். ஒரு சுற்று என்பது மூன்று மாதம். தேர்தல் வரும், ஜெயித்தால் தொடரலாம். தம்பி ஒரு வாரத்தில் சலித்துப்போய் விட்டுவிட்டான். நான் பிடித்துக்கொண்டேன்.

காரணம் வேடிக்கையானது. அந்த கேமின் வயிற்றுக்குள் இருப்பதெல்லாம் சிஎஸ்வி கோப்புகள். எக்செலில் திறக்கலாம்! ஒவ்வொரு கொள்கைக்கும் ஒரு வரி. ஆகக் குறைந்த செலவு, ஆக அதிகச் செலவு, பிறகு அது எதையெல்லாம் பாதிக்கும் என்பதற்குச் சின்னச் சின்னச் சமன்பாடுகள். x என்றால் அந்தக் கொள்கையின் அளவு, பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை. 0.1+(0.2*x) என்று எழுதி, பக்கத்தில் 4 போட்டால், அந்தப் பாதிப்பு நான்கு சுற்றில், அதாவது ஒரு வருடத்தில், மெல்ல மெல்ல வந்து சேரும். இருபது வருடமாக எக்செலோடு குடும்பம் நடத்துகிறவளிடம் இதைக் காட்டினால் என்ன ஆகும்? ஒரு நாடே ஒர்க்‌ஷீட்டில் இருக்கிறது என்றால் நம் நாட்டை ஏன் போடக்கூடாது?

முதலில் பெட்ரோல். அங்கேயே முட்டியது. கேமில் இருப்பது பெட்ரோல் வரி. இடது பக்கம் முழுக்கத் தள்ளினால் பூஜ்யம். நம் நாட்டுக்குப் பூஜ்யத்துக்கும் கீழே போக வேண்டும். 2021 பிப்ரவரியிலிருந்து ரோன்95 பெட்ரோலை லிட்டர் 2 வெள்ளி 5 சென்னில் ஆணி அடித்து வைத்திருந்தோம். உலகச் சந்தையில் எண்ணெய் எங்கே போனாலும் பம்ப் முன்னால் அந்த எண் மாறாது. மேற்கத்திய நாட்டுக்காரர் கேம் எழுதும்போது, அரசாங்கம் எண்ணெய்க்குக் கைக்காசு போடும் என்று அவருக்குத் தோன்றியிருக்காது. ஆகவே ‘பெட்ரோல் மானியம்’ என்று செலவுப் பட்டியலில் புதிதாக ஒரு கொள்கை எழுதினேன்.

இப்படி மாற்றி எழுதிய கேமின் (இதை ‘மோட்’ என்பார்கள்) முதல் பதிப்பைத் தம்பியிடம் கொடுத்தேன். அரை மணி நேரத்தில் கூப்பிட்டான்.

“அக்கா, என்னா கேம் இது? மானியத்தைத் தூக்கினேன், மிச்சமான காசையெல்லாம் ஆஸ்பத்திரிக்குப் போட்டேன். எழுபத்தெட்டு விழுக்காடு ஓட்டு. மலேசியா ஸ்வீடன் ஆயிருச்சு லா.”

மானியத்தின் செலவை எழுதியிருந்தேன், அதை எடுத்தால் வரும் கோபத்தை எழுதவில்லை. சரி என்று கோபத்தைச் சேர்த்தேன். மறுநாள் அவன் மானியத்தை நூலளவு குறைத்ததும் வாகன ஓட்டிகளின் மகிழ்ச்சி ஒரே சுற்றில் தரையைத் தொட்டது. 0.06 என்று போட வேண்டிய இடத்தில் 0.6. கணக்குப்பிள்ளை செய்யக்கூடாத தப்பு. வருட முடிவுத் தணிக்கைக்கு முன் இதைச் செய்திருந்தால் வேலை போயிருக்கும். இங்கே அரசாங்கம்தான் போனது.

‘வாகன ஓட்டிகள்’ என்ற அந்தக் குழுவே எனக்கு உறுத்தல்தான். கேமில் அது கார்க்காரர்கள். பினாங்குப் பாலத்தில் காலை ஆறரைக்கு நின்று பாருங்கள், பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளுக்குப் போகிற கூட்டம் முக்கால்வாசி மோட்டார் சைக்கிளில் இருக்கும். 2019 ஜனவரியிலிருந்து மோட்டாருக்குப் பாலத்தில் டோல் கிடையாது. கார் 5 வெள்ளி 74 சென் கட்டும். மோட்டார் டேங்க் நாலைந்து லிட்டர். அவனுக்குக் கிடைக்கும் மானியம் எவ்வளவு, பெரிய காரில் அறுபது லிட்டர் ஊற்றுகிறவருக்குக் கிடைப்பது எவ்வளவு? ஆனால் விலை ஏறும் என்று ஒரு வதந்தி வந்தால் ராத்திரி பதினொரு மணிக்கு எண்ணெய் ஸ்டேஷனில் வரிசை பிடிப்பது அந்த மோட்டார்க்காரன்தான். அதனால் ஏழைகள் குழுவுக்குத் தனிச் சமன்பாடு எழுதினேன்: கிடைக்கும் பலன் சிறிது, இழந்தால் கோபம் பெரிது. கேம் இப்படிக் கோணலாக எழுத இடம் கொடுக்கிறது. அதற்கு ஒரு நன்றி.

பிறகு ஒரு யோசனை வந்தது. நம் நாட்டில் ஏற்கனவே நடந்த ஒன்றை உள்ளே கொடுத்து, கேம் அதே பதிலைச் சொல்கிறதா பார்ப்போம். கணக்கு சரியா என்று போன வருட எண்களைப் போட்டுப் பார்ப்பது போல. ஜிஎஸ்டியை எடுத்துக்கொண்டேன். இவ்வளவு சுத்தமான பரிசோதனை எந்த நாட்டுக்கும் கிடைக்காது. 2015 ஏப்ரல் 1-ல் 6 விழுக்காட்டோடு வந்தது. 2018 மே 9 தேர்தலில் 1957-லிருந்து ஆண்டுகொண்டிருந்த கூட்டணி முதல் தடவையாகத் தோற்றது. ஜூன் 1-ல் ஜிஎஸ்டி பூஜ்யம். செப்டம்பர் 1-ல் பழைய எஸ்எஸ்டி (விற்பனை, சேவை வரி) திரும்பி வந்தது. நடுவில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூன்று மாதம் வரியே இல்லை. மூன்று மாதம்! கேமில் கச்சிதமாக ஒரு சுற்று. அதைக் கண்டுபிடித்த ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை என்றால் சிரிப்பீர்கள்.

வரி வந்ததும் கேமில் விலை ஏறியது. சரி. மக்கள் கோபம் ஏறியது. சரி. ஊழல் கோபத்தை எங்கே எழுதுவது என்று தெரியாமல் ஒரு சுற்று முழிக்க வேண்டியிருந்தது, அது தனிக்கதை. 2018-ல் அரசாங்கம் விழுந்தது. கைதட்டினேன். வரியைப் பூஜ்யமாக்கினேன். விலை இறங்கியது, ஏறிய அதே வேகத்தில், அதே அளவுக்கு. 2015-க்கு முன் இருந்த இடத்தில் போய் அழகாக உட்கார்ந்தது.

அங்கேதான் எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் அலுவலகத்துக்குப் பக்கத்தில் ஒரு ரொட்டி சானாய் கடை. ஜிஎஸ்டிக்கு முன் ரொட்டி கோசோங் (வெறும் ரொட்டி) 1 வெள்ளி. வந்தபின் 1.20. இத்தனைக்கும் வருடத்துக்கு 5 லட்சம் வெள்ளிக்குக் குறைவாக வியாபாரம் செய்கிறவர் ஜிஎஸ்டிக்குப் பதிவே செய்ய வேண்டியதில்லை. அந்தக் கடை நிச்சயம் அந்தக் கணக்குக்குள் வராது. மாவும் எண்ணெயும் பாலும் ஏறியது, அதனால் ஏற்றினார், நியாயம்தான். வரி பூஜ்யமான ஜூன் மாதம் நான் கேட்டேன்: “மாமா, ஜிஎஸ்டிதான் போச்சே?” அவர் கல்லில் ரொட்டியைத் திருப்பிக்கொண்டே, “போச்சா? கடைக்கு வந்து எங்கிட்ட சொல்லலையே” என்றார். இப்போது 1.80.

கேமின் சமன்பாடு நேர்க்கோடு. x கூடினால் விலை கூடும், x குறைந்தால் குறையும். நிஜத்தில் மேலே போகிற பாதை வேறு, கீழே வருகிற பாதை வேறு. பல நேரம் கீழே வருகிற பாதையே இல்லை. இது கேம் எழுதியவரின் தப்பு என்று சொல்லமாட்டேன். நானும் பத்திரிகை படித்து ‘மானியம் குறைந்தால் விலை ஏறும், வரி போனால் விலை இறங்கும்’ என்றுதான் நினைத்திருந்தேன். இருபத்து மூன்று கடிதம் தட்டியது நானேதான், அது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துதான் வழி கிடைத்தது. கேமில் கொள்கைகளைத் தவிர ‘நிலைமைகள்’ என்று ஒரு கோப்பு இருக்கிறது. வேலைநிறுத்தம், போதைப்பொருள் பிரச்சினை மாதிரியான சங்கதிகள். ஒவ்வொரு நிலைமைக்கும் இரண்டு எண்: எந்த அளவு தாண்டினால் தொடங்கும், எந்த அளவுக்குக் கீழே போனால் முடியும். இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டியதில்லை. 0.6-ல் தொடங்கி 0.2-ல் முடியலாம். நடுவில் 0.5, 0.4, 0.3 என்று எவ்வளவு இறக்கினாலும் அது பாட்டுக்கு இருக்கும். நான் தேடியது இதேதான்! ‘விலை இறங்காமை’ என்று பெயர் வைத்தேன். வரி, டீசல், சம்பளம் எல்லாம் அதற்குள் போய்ச் சேரும். தொடங்கியபின் ஏழைகள் குழுவையும் ஓய்வு பெற்றவர்களையும் ஒவ்வொரு சுற்றும் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும்.

சம்பளத்தையும் சேர்க்க வேண்டியிருந்தது, கசப்பாகத்தான் சேர்த்தேன். குறைந்தபட்ச சம்பளம் 2013-ல் தீபகற்பத்தில் 900 வெள்ளி, 2022 மே மாதம் 1,500, 2025 பிப்ரவரியில் 1,700. ஏற வேண்டியதுதான், 1,700-ல் பட்டர்வொர்த்தில் குடும்பம் நடத்திப் பாருங்கள். ஆனால் ஒவ்வொரு தடவையும் எங்கள் தவுக்கே என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் தட்டச் சொன்னார். எங்கள் லோரிக்காரர்கள் யாரும் 1,700-க்கு வேலை செய்யவில்லை, அதைவிட அதிகம் வாங்குகிறார்கள். அதனால் அவர்கள் சம்பளத்தில் ஒரு சென்னும் ஏறவில்லை. கடிதம் மட்டும் போனது.

அடுத்து, நான் தொடப் பயந்த இடம். கேமில் ‘சிறுபான்மை இனத்தவர்’ என்று ஒரே ஒரு குழு. அதில் யாரைப் போடுவது? நான், தவுக்கே, சரவாக் ஈபான், சபா கடாசான். நாலு பேரும் எண்ணிக்கையில் சிறுபான்மை. ஆனால் ஈபானும் கடாசானும் பூமிபுத்ரா, அதாவது மலாய்க்காரர்களைப் போல மண்ணின் மைந்தர் என்ற தனிச் சலுகை உள்ளவர்கள், நாங்கள் இரண்டு பேரும் இல்லை. இந்த ஒரு குழுவுக்கு ஒரு மகிழ்ச்சி எண் கொடுத்தால் அது யாருடைய மகிழ்ச்சி?

1971-ல் வந்த புதிய பொருளாதாரக் கொள்கையை ஒரு ஸ்லைடராகப் போட முடியுமா என்று பார்த்தேன். நிறுவனப் பங்குகளில் பூமிபுத்ரா பங்கு 1970-ல் 2.4 விழுக்காடு, 1990-க்குள் 30 ஆக வேண்டும் என்பது இலக்கு. இருபது வருடம், எண்பது சுற்று. வறுமை ஒழிப்பும் அதே கொள்கையின் இன்னொரு கால், அதையும் எழுதினால்தான் நியாயம், எழுதினேன். எண்பது சுற்றுக்குப் பிறகு கேம் அதை நிறுத்தத் தயாராக இருந்தது. நாட்டில் அது 1991-ல் வேறு பெயரோடு தொடர்ந்தது. நிறுத்துவதற்கு எவ்வளவு அரசியல் மூலதனம் செலவாகும் என்று ஒரு கட்டம் நிரப்ப வேண்டும். வாங்க முடியாத விலை ஒன்றைப் போட்டேன்.

மெட்ரிகுலேஷனுக்கு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய அரசுப் படிப்பு) வந்தபோதுதான் விரல் நின்றது. 2019 ஏப்ரலில் இடங்களை 25,000-லிருந்து 40,000 ஆக உயர்த்தினார்கள், 90 விழுக்காடு பூமிபுத்ரா ஒதுக்கீடு அப்படியே. சமன்பாட்டின்படி பார்த்தால் மீதி 10 விழுக்காட்டிலும் எண்ணிக்கை 2,500-லிருந்து 4,000 ஆகிறது, எல்லாக் குழுவுக்கும் மகிழ்ச்சி ஏற வேண்டும். எங்கள் வீட்டில் அந்தச் செய்தி வந்த அன்று அம்மா, “ரெண்டு வருஷம் தள்ளிப் பெத்திருக்கலாம்” என்றார். தம்பிக்கு 2017-ல் இடம் கிடைக்கவில்லை. ஆறாம் படிவம் படித்து எஸ்டிபிஎம் தேர்வு எழுதினான், நன்றாகத்தான் இருக்கிறான். அம்மாவின் அந்த ஒரு வரிக்கு எத்தனை புள்ளி? 0.08 போட்டு, தாமதத்தை இருபது சுற்று என்று வைத்தேன். ஐந்து வருடம். இது நடந்து அதைவிடக் கூட ஆகிறது, அம்மா இன்னும் வருடத்தை எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார். கேம் விட்டால் நூறு போட்டிருப்பேன்.

தொகுதிகளைச் செய்யவே முடியவில்லை. கேம் நாடு முழுக்க ஓட்டை ஒரே மூட்டையில் எண்ணுகிறது. நமக்கு 222 தொகுதி. 2022 தேர்தலில் பாங்கியில் 3 லட்சத்துக்கும் மேல் வாக்காளர், சரவாக்கின் இகானில் 28 ஆயிரம் சொச்சம், இரண்டுக்கும் ஆளுக்கு ஓர் உறுப்பினர். அந்த வருடம் யாருக்கும் பெரும்பான்மை கிடைக்காமல் ஐந்து நாள் கழித்துத்தான் பிரதமர் வந்தார். இதையெல்லாம் ஒர்க்‌ஷீட்டில் எழுதும் திறமை எனக்கு இல்லை. மாநில அரசையும் விட்டுவிட்டேன். நிலம் மாநிலத்தின் கையில், எண்ணெய் விலை கூட்டரசின் கையில், நகராண்மைக் கழகத்துக்குத் தேர்தலே 1965-லிருந்து கிடையாது. பினாங்குக்காரி இதை விட்டது துரோகம்தான்.

2025 செப்டம்பர் 30-ல் இன்னொரு அடி. பெட்ரோல் மானியத்தைத் தொட்டால் அரசாங்கம் தடுமாறும் என்று என் கேம் அடித்துச் சொல்லிக்கொண்டிருந்தது. நிஜத்தில் தொட்டார்கள். குடிமக்களுக்கு 2.05-லிருந்து 1.99 ஆகக் குறைத்தார்கள், மாதம் 300 லிட்டர் வரை, ஐசியை (அடையாள அட்டையை) சொருகி. மற்றவர்களுக்கு 2.60. கோபமே வரவில்லை. என் ஒர்க்‌ஷீட்டில் எங்கே தப்பு என்று மூன்று ராத்திரி தேடினேன். தப்பு எங்கேயும் இல்லை, கேமில் இருக்கும் எல்லோரும் வாக்காளர்கள். ஓட்டு இல்லாத மனிதன் என்று ஒருவன் அங்கே பிறக்கவே இல்லை. எங்கள் யார்டில் லோரி கழுவுகிற நேப்பாளத் தம்பி மோட்டார் வைத்திருக்கிறான். அவன் ஊற்றும் ஐந்து லிட்டருக்கும் மானியமில்லாத விலை கொடுக்கிறான். அவனுடைய கோபத்துக்கு எந்தக் கோப்பிலும் கட்டம் கிடையாது. அரசாங்கத்தில் யாரோ என்னைவிட நன்றாக ஒர்க்‌ஷீட் போடுகிறார்கள்.

போன சனிக்கிழமை தம்பி புதிய பதிப்பை ஆடினான். இரண்டாவது தவணையில் தேர்தல் நெருங்க, பயந்துபோய் டீசல் மானியத்தை முழுக்கத் திருப்பிக் கொடுத்தான். ‘விலை இறங்காமை’ சிவப்பாகவே நின்றது. எஸ்எஸ்டியையும் பாதியாக்கினான். நின்றது. நாற்காலியைத் திருப்பிக்கொண்டு என்னைப் பார்த்தான்.

“அக்கா, ஒன் மோட்ல பக் இருக்கு. எல்லாத்தையும் குடுத்துட்டேன், விலை எறங்கவே மாட்டேங்குது.”

“பக் இல்ல. முடியற நம்பர் 0.2. நீ இன்னும் 0.34-லதான் இருக்கே.”

“0.2 எல்லாம் அநியாயம். 0.5 போடு.”

“0.5 போட்டா ஸ்வீடன் ஆயிரும்.”

“சரி, 0.4.”

பாசாரில் மீன் வாங்குகிற மாதிரி ஆகிவிட்டது. தவுக்கேயின் கடிதத்தைக் காட்டினேன், ரொட்டி சானாய் மாமாவைச் சொன்னேன். அவன் 0.35-க்கு வந்தான். நான் 0.25-க்கு மேல் அசையவில்லை. அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, என்ன பேரம் என்று கேட்டார். விலை எப்போ இறங்கும்னு ஒரு நம்பர் போடணும்மா என்றான் தம்பி.

“எறங்காதுன்னு போட்டுட்டு வந்து சாப்பிடுங்க.”

அந்தக் கட்டத்தில் எழுத்தைப் போட்டால் கேம் திறக்காது. 0.25 போட்டுச் சேமித்தேன். தம்பி அந்தத் தேர்தலில் தோற்றான்.